முதுகுக்குப் பின்னால் ஒரு சூரியோதயம்

இருட்டில், சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். என் தலைக்கு நேர் மேலே கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. முதலில் சாம்பல் நிறம், அப்புறம் லேசான ரோஜா, அப்புறம் ஆரஞ்சு.

அரங்கம் நிறையப் பெரிய மனிதர்கள். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்துக் கும்மிருட்டைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு கம்பீரமான ஆண் குரல், “இதோ, உங்கள் கண்ணெதிரே உதயம்” என்று பெங்காலியில் உருகியது. பின்னணியில் ஷெனாய் வேறு.

டார்ச் பிடிப்பவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் கோளரங்கத்தின் விதி. திறந்தால், ஒரு வருஷமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த பெங்காலி மைக் இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடைக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் மெஷினில் உதயம் ஆரம்பித்தால் ஒரு மண்குவளைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் விளக்குகளைப் போட்டுவிடுவார்கள்.

அந்த இருட்டில் நான் என்ன செய்தேன் என்பதற்கு முன்னால், அந்த நாற்காலிகள் ஏன் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்காக ஒரு பல்கலைக்கழகமே பாடுபட்டிருக்கிறது.

கிழிப்பவர், காட்டுபவர், அமுக்குபவர்

அப்போது நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில், குளத்துக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வாணலி மாதிரி ஒரு சின்னக் கோளரங்கம் இருந்தது. கல்கத்தாவில் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய கோளரங்கம் இல்லை. அதைத் தேடிக்கொண்டு வழி தவறி எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள்தான் எங்கள் பார்வையாளர்களில் பாதிப் பேர். மீதிப் பாதி, பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக ஓட்டிக்கொண்டு வரப்பட்ட குழந்தைகள்.

அங்கே வேலையெல்லாம் மாணவர்கள்தான் செய்வோம். கையில் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லக் கூடாது, கௌரவ ஊதியம் என்று சொல்ல வேண்டும். கௌரவம் நிறைய இருந்தது.

வேலைகளில் ஜாதி மாதிரி ஒரு வரிசை. அடிமட்டத்தில் டிக்கெட் கிழிப்பவர். அதற்கு மேலே, இருட்டில் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுபவர். அதற்கும் மேலே, கன்ஸோலில் உட்கார்ந்து பொத்தான்களை அமுக்குபவர். உச்சியில், மைக் பிடித்து வானத்தை விளக்குபவர். மைக் பிடிப்பவர் மட்டும்தான் காட்சி முடிந்ததும் விளக்கு வெளிச்சத்தில் எழுந்து நின்று கும்பிடலாம்.

மே மாதத்தில் கூட்டம் நெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை விண்வெளி ஆர்வம் என்று நினைத்துப் பூரித்துப்போவார்கள். ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். வந்தவர்கள் ஏ.ஸி.க்காக வந்தவர்கள். சாய்வு நாற்காலி, இருட்டு, குளிர்ச்சி, தாலாட்டு மாதிரி ஒரு குரல் என்று வீட்டில் கிடைக்காத வசதியெல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைத்தது. சனிக்கிரகத்தின் வளையங்கள் வருவதற்குள் குறட்டைச் சத்தம் நாலு பக்கமிருந்தும் வரும். அதில் ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் குறட்டை மட்டும் தனியாகத் தெரியும்.

அப்புறம் காதலர்கள். அவர்கள் கடைசி வரிசைதான் கேட்பார்கள். டார்ச்சைத் தரையில் மட்டும் அடிக்க வேண்டும், மேலே உயர்த்தவே கூடாது என்பது எனக்கு முதல் நாள் சொல்லித்தந்த பாடம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவள் மௌஷுமி. என் வகுப்புத் தோழி, கன்ஸோலில் பொத்தான் அமுக்குபவள். இந்த வாரத் தொடரில் அவள் பெயர் வரப்போகிறது என்று போனில் சொன்னேன். “என்னை ஒல்லியா எழுது” என்றாள். ஒல்லியாகத்தான் இருந்தாள்.

இருட்டில் நம்பக்கூடிய குரல்

எங்கள் இயக்குநர் லாஹிரி ஸார். வானியற்பியலில் பெரிய படிப்பு. எப்போதும் கஞ்சி போட்ட பஞ்சாபிதான், அதாவது வங்காளி ஜிப்பாதான், போடுவார். தான் சொன்ன வாக்கியத்தைத் தானே இன்னொரு தடவை ரசித்துச் சொல்வார்.

நான் சேர்ந்த சில மாதங்களில் பெங்காலிக் காட்சிக்கு மைக் பிடித்த பையன் படிப்பை முடித்துப் போய்விட்டான். நான் கேட்டேன். லாஹிரி ஸார் தன் அறைக்குக் கூப்பிட்டு எழுதிவைத்த ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான் வாசிக்கிற நேரம் முழுக்க என் முகத்தையும் என் நெற்றியில் இருந்த விபூதிக் கீற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பேசறே காந்திமதி. தப்பே இல்லை” என்றார். “ஆனா கொஞ்சம் சவுத் இண்டியன் வாடை இருக்கு.”

“எந்த இடத்துல ஸார்?”

“எந்த இடம்னு சொல்ல முடியாது. மொத்தத்துல இருக்கு. இதோ பாரு மா, இருட்டுல ஜனங்களுக்கு முகம் தெரியாது. குரலைத்தான் நம்பணும். இருட்டுல குரலைத்தான் நம்பணும். தன்னோட மனுஷங்க குரலா இருந்தாத்தான் திரும்புன்னா திரும்புவாங்க, பாருன்னா பார்ப்பாங்க. நீ இங்கிலீஷ் ஷோ பண்ணேன்.”

இங்கிலீஷ் காட்சி மாதத்துக்கு ஒன்று நடந்தால் பெரிய விஷயம். அதற்கும் அவர் தம்பி மகளை வைத்திருந்தார். என் கையில் டார்ச் இருந்தது.

நான் கல்கத்தாவிலேயே, பவானிபூரில் பிறந்தவள். அப்பாவும் பவானிபூரில் பிறந்தவர். அப்பாவின் தாத்தா திருநெல்வேலியிலிருந்து ஒரு கம்பெனி கணக்குப்பிள்ளையாக ரயிலேறியவர். லேக் மார்க்கெட்டில் அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். அப்பளம், பெருங்காயம், காப்பிப் பொடி. அவரிடம் சாமான் வாங்குகிற வங்காளிகளோடு அரசியல், கால்பந்து, ஹில்ஸா மீனின் ருசி வரைக்கும் பேசுவார். இத்தனைக்கும் மீனைத் தொடாதவர். நான் கோபம் வந்தால் பெங்காலியில் கத்துவேன், கனவும் அதில்தான் வரும். தமிழ்தான் எனக்குத் தகராறு. இந்தத் தொடரில் நான் எழுதுவதை ஆசிரியர் குழு எவ்வளவு செதுக்குகிறது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இருந்தாலும், பிறந்ததிலிருந்து எவர் என்னைப் புதிதாகப் பார்த்தாலும் முதல் கேள்வி, “கல்கத்தாவுக்கு எப்போ வந்தீங்க?” தான். பழகிப்போன விஷயம். லாஹிரி ஸார் சொன்னது பழகவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டார். “ஏட்டி, பேசத் தெரிஞ்ச பிள்ளைக்கு லைட்டு பிடிக்குத வேலையா? நான் வந்து அவாகிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டா?”

“வேண்டாம்ப்பா. நீங்க வந்தா இன்னும் மோசமாயிடும்.”

“அது எப்படி மோசமாகும்? எனக்குப் பெங்காலி உன்னைவிட நல்லா வரும்லா?”

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கு அந்த மைக் வேண்டும். அன்றைக்கு அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவுமே எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கமிட்டி கண்டுபிடித்த கிழக்கு

மறு வருஷம் கோளரங்கத்தைப் புதுப்பித்தார்கள். புதுக் கம்பளம், புது ஏ.ஸி., புது நாற்காலிகள். துர்கா பூஜைக்கு முன்னால் திறப்பு விழா. பிரதம விருந்தினராக மேலிடத்தில் செல்வாக்குள்ள ஒரு பெரியவர் வருவதாக முடிவாயிற்று. அதுவரை நன்றாகத்தான் போனது. அப்புறம் நிர்வாக அலுவலகத்திலிருந்து வாஸ்து பார்க்கிற ஒருவர் திசைகாட்டியோடு வந்தார்.

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. கோளரங்கத்துக்குள்ளே இருக்கும் கிழக்கு வேறு, ஊரில் இருக்கும் கிழக்கு வேறு. அரங்கத்தின் நடுவில், இரண்டு தலை எறும்பு மாதிரி நின்று கூரையில் வானத்தைக் காட்டுகிற அந்த மெஷின் எந்தப் பக்கம் சூரியனைக் கிளப்புகிறதோ அதுதான் உள்ளே கிழக்கு. பல வருஷத்துக்கு முன்னால் மெஷினை நிறுவியவர்கள், கேபிள் போக எந்தப் பக்கம் சௌகரியமோ அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அதனால் எங்கள் டோமின், அந்த வாணலிக் கூரையின், கிழக்கு ஊரின் மேற்கில் இருந்தது. டோமின் மேற்கு ஓரத்தில் அட்டையில் வெட்டிய ஹௌரா பாலம் நின்றது. நிஜத்தில் அந்தப் பக்கம் பாலமும் இல்லை, கங்கையும் இல்லை. உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

பழைய நாற்காலிகள் எல்லாம் டோமின் கிழக்கைப் பார்த்து இருந்தன. காட்சி சூரிய அஸ்தமனத்தில் ஆரம்பிக்கும். அது முதுகுக்குப் பின்னால் நடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள், பரவாயில்லை. இரவெல்லாம் நட்சத்திரம் காட்டிவிட்டு, கடைசியில் கண்ணெதிரே சூரியன் உதிக்கும்போது ஜனங்கள் ‘ஆஹா’ என்பார்கள். தூங்கியவர்களும் எழுந்துகொள்வார்கள்.

வாஸ்துக்காரர் திசைகாட்டியைக் கையில் வைத்து ஒரு சுற்று சுற்றினார். முகம் இருண்டுவிட்டது. பிரதம விருந்தினர் மேற்கு பார்த்து உட்காருவதா? ஒரு கமிட்டி கூடியது. தேநீரும் வங்காளச் சமோசாவான சிங்காராவும் வந்தன. நாற்காலிகளைக் கழற்றி அப்படியே திருப்பி, கிழக்கு பார்க்கப் போட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதாவது ஊரின் கிழக்கு. ஆட்கள் வந்து எல்லா நாற்காலிகளையும் திருப்பி, தரையில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டுப் போனார்கள்.

மௌஷுமியும் நானும் லாஹிரி ஸார் அறைக்குப் போனோம்.

“ஸார், இப்போ சூரியன் எல்லாருக்கும் பின்னாடி உதிக்கும்” என்றாள் மௌஷுமி.

“எப்படி? நாற்காலி எந்தப் பக்கம் பார்க்குது?”

“கிழக்கு, ஸார். ஆனா அது வெளியில இருக்கிற கிழக்கு.”

“சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?”

“கிழக்குல, ஸார். ஆனா மெஷினோட கிழக்கு...”

“அப்போ சரியாத்தானே இருக்கு.” அவர் சிரித்தார். “கிழக்கு எதுன்னு கமிட்டி முடிவு பண்ணியாச்சு மௌஷுமி. கமிட்டி முடிவு பண்ணியாச்சு.”

வானியற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் கமிட்டியை மறுபடி கூட்ட வேண்டும். மெஷினைத் திருப்பலாமே என்று நான் கேட்டதற்கு, அதற்கு வெளிநாட்டிலிருந்து கம்பெனி ஆள் வர வேண்டும் என்றார். என்னிடம் பேசும்போது மட்டும் இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டார்.

பல்பைக் காப்பாற்றுங்கள்

ரிகர்சலில் தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கோளரங்கத்தில் ரிகர்சலுக்கு மெஷினைப் போடும் வழக்கம் இல்லை. அதன் பல்பு வெளிநாட்டுச் சரக்கு. எரிந்துபோனால் இன்னொன்று வருவதற்குள் மாணவர்கள் படிப்பை முடித்து, கல்யாணம் செய்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆகையால் பல்பைக் காப்பாற்றுவதுதான் எங்கள் முதல் கடமை. ரிகர்சல் என்றால் பாட்டைப் போட்டு, விளக்கை மங்கவைத்து, இருட்டில் எல்லோரும் கற்பனை செய்துகொள்ள வேண்டும். லாஹிரி ஸார் தலைகீழாகப் பார்த்தாலும் கற்பனையில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

திறப்பு விழா அன்றைக்கு மைக்கையும் எங்களில் யாருக்கும் தரவில்லை. விழாவுக்கு மாணவர்கள் பேசினால் கௌரவக் குறைச்சல் என்று ஒரு நாடக நடிகரைக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டார்கள். வசனம் லாஹிரி ஸார். எழுதியது பழைய நாற்காலிகளுக்கு.

விழா

இப்போது அந்த இருட்டுக்குத் திரும்புவோம். விளக்குகள் மெல்ல மங்கின. புதுக் கம்பளத்தின் பசை வாசனையும், முன்வரிசைப் பட்டுப் புடவைகளின் நாப்தலின் வாசனையும் கலந்து மூக்கை அடைத்தன.

“நம் முதுகுக்குப் பின்னால், கங்கைக்கு மேலே, சூரியன் மறைகிறது” என்றது நடிகரின் குரல்.

அரங்கமே மரியாதையாகத் திரும்பிப் பின்பக்கம் பார்த்தது. பின்பக்கம் நானும் கதவும்தான் இருந்தோம். அந்தச் சமயம் பார்த்து, அவர்கள் முன்னால், அட்டை ஹௌரா பாலத்துக்கு மேலே, சூரியன் நிதானமாக அஸ்தமித்தது. யாரோ ஒரு பேராசிரியரின் மனைவி, “பாலம் இந்தப் பக்கம் இருக்கே” என்று முணுமுணுத்தார். கணவர் அவரை அடக்கினார்.

அப்புறம் நட்சத்திரங்கள். “உங்கள் இடது கைப் பக்கம் பாருங்கள், துருவ நட்சத்திரம்.” எல்லோரும் இடது பக்கம் பார்த்தார்கள். துருவ நட்சத்திரம் வலது பக்கம் தன் பாட்டுக்கு நின்றது. இடது பக்கம் எதையோ பார்த்துப் பிரதம விருந்தினர் தலையை ஆட்டினார். எதைப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. டார்ச்சை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். கன்ஸோலில் மௌஷுமியின் தோள்கள் குலுங்குவது அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரிந்தது. லாஹிரி ஸார் முன்வரிசை ஓரத்தில் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

ஆனால் உதயம் ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு தடவை ஏமாந்தவர்கள் இந்தத் தடவை அசையவே இல்லை. குரல் சொன்னபடி எதிரே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூரியனை நான் எத்தனையோ தடவை பார்த்தவள். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் அதைப் பார்த்துக் கை தட்டும்போது நானும் டார்ச்சை இடுக்கிக்கொண்டு தட்டுவேன். இருட்டில் எவன் குரல் நம்பிக்கையானது என்று எனக்குப் பாடம் எடுத்தவர் எழுதிய வசனம், ஒரு அரங்கத்தையே குருடாக்கி உட்கார வைத்திருந்தது. 

ஷெனாய் ஓங்கிய இடத்தில் வாயைத் திறந்தேன்.

“ஸார்மாரே, அம்மாமாரே, தயவுசெய்து எல்லாரும் திரும்பிப் பாருங்க. சூரியன் உங்களுக்குப் பின்னாடி உதிக்குது.”

பெங்காலியில் சொன்னேன், மைக் இல்லாமல். லேக் மார்க்கெட் கடையில் கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்து வளர்ந்த தொண்டை.

 நாற்காலிகள் கிரீச்சிட்டன. தரையில் முறுக்கிய நாற்காலி திரும்பாது, மனிதர்கள்தான் திரும்ப வேண்டும். சிலர் இடுப்பை முறுக்கினார்கள், சிலர் எழுந்து நின்றார்கள், பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறிவிட்டார். பிரதம விருந்தினரும் எழுந்து திரும்பினார். எல்லார் முகத்திலும் ஆரஞ்சு வெளிச்சம் விழுந்தது. ஒரு பெரிய ‘ஆஹா’ வந்தது. கை தட்டினார்கள்.

பூச்செண்டு யாருக்கு

விளக்கு போட்டதும் டார்ச்சை அணைத்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பிரதம விருந்தினர் முகமெல்லாம் சிரிப்பாக மேடைக்கு வந்தார். “அருமை லாஹிரி பாபு. நாங்க ஒரு பக்கம் பார்த்துட்டு உக்காந்திருக்கோம், வெளிச்சம் இன்னொரு பக்கம் வருது. பெரிய தத்துவம். இது உங்க யோசனையா?”

லாஹிரி ஸார் அரை நொடிகூட யோசிக்கவில்லை. “ஆமா ஸார். முந்நூற்றறுபது டிகிரி அனுபவம். புது கான்செப்ட்.”

“கடைசில கூப்பிட்டுதே ஒரு பொண்ணு, அந்தக் குரல்தான் உயிர். நடிகர் குரலைவிட நல்லாயிருந்தது. யார் அது? கூப்பிடுங்க.”

லாஹிரி ஸார் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கன்ஸோல் பக்கம் திரும்பி, “மௌஷுமி, இங்கே வா மா” என்றார். ஒரு பூச்செண்டையும் எடுத்து நீட்டினார்.

அந்த இடத்தில் எனக்கு வந்த அழுகையை இன்றைக்கு நினைத்தாலும் கண் எரிகிறது. மௌஷுமி நடந்து வந்தாள். பூச்செண்டை வாங்கவில்லை.

“நான் இல்லை ஸார். நான் பட்டன் அமுக்கிட்டு இருந்தேன். பேசினது காந்திமதி, டார்ச் பிடிக்கிற பொண்ணு.” கையை நீட்டிக் காட்டினாள்.

பிரதம விருந்தினர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முகம் மலர்ந்தது. “அடடே, சவுத் இண்டியனா? இவ்வளவு நல்லா பெங்காலி பேசறியே மா. கல்கத்தாவுக்கு எப்போ வந்தே?”

என்ன துணிச்சலில் கேட்டேனோ தெரியாது. “நான் பவானிபூர்ல பிறந்தேன் ஸார். நீங்க எப்போ வந்தீங்க?”

மேடையில் எல்லார் முகமும் செத்துப்போனது. லாஹிரி ஸாரின் கஞ்சி போட்ட பஞ்சாபிகூடத் தளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். “நானா? காலேஜ் படிக்க வந்தேன், பாங்குரா ஜில்லாவிலேருந்து. முதல் வருஷம் ஹாஸ்டல்ல நான் வாயைத் திறந்தாலே என் பேச்சைச் சொல்லிச் சிரிப்பாங்க. லாஹிரி பாபு, இந்தப் பொண்ணு ஞாயிற்றுக்கிழமை பெங்காலி ஷோ பண்ணுமா?”

“நிச்சயமா ஸார். அதைத்தான் நானும் நினைச்சிட்டு இருந்தேன்” என்றார் லாஹிரி ஸார்.

ஒரு வருஷம் வாசித்துக் காட்டியும் கேட்டும் கிடைக்காத மைக், ஒரு பெரிய மனிதர் நல்ல மூடில் இருந்ததால் கிடைத்தது. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் பெரியவளும் இல்லை. அந்தப் பூச்செண்டை மௌஷுமியும் நானும் பஸ் ஸ்டாப்பில் புச்கா, அதாவது பானிபூரி, விற்கிற ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டோம். அவர் அதைப் புளித்தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை

நாற்காலிகளை மட்டும் யாரும் தொடவில்லை. மேலிடம் பாராட்டிய கான்செப்ட் ஆயிற்றே. வாசலில் ‘முந்நூற்றறுபது டிகிரி அனுபவம்’ என்று ஒரு பேனரே கட்டிவிட்டார்கள்.

என் முதல் காட்சிக்கு அப்பா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கூடவே கடை வாடிக்கையாளர்கள் நாலு பேர், எல்லோரும் வங்காளிகள். “என் பிள்ளை பேசப்போறா, கேளுங்க” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே கூட்டி வந்திருக்கிறார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

நான் மைக்கைக் கையில் எடுத்தேன். அதற்குள் லாஹிரி ஸார் வந்து இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை.

“இன்று உங்களுக்கு வானத்தைக் காட்டப்போவது நம்முடைய தென்னிந்திய மாணவி. ரொம்ப முயற்சி எடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பெங்காலியில் தப்பு இருந்தால் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள். பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள்.”

சிலர் அன்பாகக் கை தட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் யார் முகத்தையும் பார்க்காமல், மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவை நான் அப்படிப் பார்த்ததில்லை. கடையில் எவ்வளவு பெரிய சண்டை வந்தாலும் தலையைக் குனியாத மனிதர்.

மைக்கை வாயருகே உயர்த்தினேன். மௌஷுமி விளக்கை மங்கவைத்தாள்.

“நமஸ்காரம். என் பெங்காலியை மன்னிக்கும்படி ஸார் கேட்டுக்கொண்டார்” என்று ஆரம்பித்தேன். “மன்னித்துவிடுங்கள். அப்படியே ஸாருடைய நாற்காலிகளையும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். இந்த அரங்கத்தில் சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறது. நாற்காலிகளைத்தான் ஒரு கமிட்டி மேற்கே பார்த்துப் போட்டிருக்கிறது. நான் சொல்லும்போது திரும்புங்கள். என் பேச்சை நம்பலாம், நான் இந்த ஊர்க்காரி.”

முதலில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் அரங்கமே சிரித்தது. பெற்றோரோடு வந்த குழந்தைகள் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே அப்பாவின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. உதயத்தின்போது நான் சொன்னதும் மொத்தக் கூட்டமும் திரும்பியது.

காட்சி முடிந்து வெளியே வந்தவர்கள் அந்த பேனரைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். ஒருவர் அதன் முன்னால் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த வாரமே அது பல்கலைக்கழகம் முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. தேநீர்க் கடையில் லாஹிரி ஸாரைப் பார்த்ததும் மாணவர்கள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார்கள்.

மறு வாரம் போல்ட் கழற்றும் ஆட்கள் வந்தார்கள். கமிட்டி கூடவில்லை, திசைகாட்டியோடும் யாரும் வரவில்லை. ஒரே பகலில் எல்லா நாற்காலிகளும் பழையபடி டோமின் கிழக்கைப் பார்த்தன.

லாஹிரி ஸார் என்னை வராந்தாவில் நிறுத்தினார். இந்தத் தடவை பெங்காலியில்தான் பேசினார்.

“காந்திமதி, நாற்காலியைச் சரி பண்ணியாச்சு. இனிமே திரும்புங்கன்னு சொல்ல வேண்டியதில்லை. அதை விட்டுடலாம்.”

“சரி ஸார். மன்னிச்சிடுங்கன்னு சொல்றதையும் விட்டுடலாமா?”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அறிமுகம் செய்ய யாரும் மேடைக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் மௌஷுமிக்குச் சைகை காட்டி விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, என் பெயரை நானே சொல்லி ஆரம்பித்தேன்.